சேலத்தில் உதவித்தொகை அழகிப் போட்டி: கிரீடம் சுலபம், ரசீதுதான் பாடு

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சேலம் அழகிப் போட்டியில் கிடைத்த பணம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அதனால் மேடையைப் பிறகு பார்க்கலாம், முதலில் உதவித்தொகை.

கல்லூரிப் பெண்களுக்கு நடக்கும் இந்த மாதிரிப் போட்டிகளில் தொகையை மூன்று விதமாகத் தருகிறார்கள். கல்லூரிக் கணக்குக்கு நேராகக் கட்டிவிடுவது ஒன்று. நாம் கட்டிய ஃபீஸுக்கு ரசீது கொடுத்தால் திருப்பித் தருவது இன்னொன்று. மூன்றாவதுதான் வில்லங்கம்: விளம்பரதாரராக வரும் தனியார் கல்லூரி, தன்னிடம் வந்து சேர்ந்தால் ஃபீஸில் கழித்துக்கொள்வதாகச் சொல்லும். ஏற்கெனவே அரசுக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண்ணுக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. மேடையில் தூக்கிக் காட்டும் அட்டைச் செக்கில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. எந்த விதம், எத்தனை தவணை, எந்தக் கல்வியாண்டின் ரசீது செல்லும் என்பதை நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் தந்த வாக்கெல்லாம் ஒருங்கிணைப்பாளர் மாறினால் அதோடு சரி.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது இரண்டாவது விதம். ரசீதில் டியூஷன் ஃபீஸ் தனியாகத் தெரிய வேண்டும் என்றார்கள். கல்லூரி தந்திருந்ததோ பஸ், தேர்வு, நூலகம் எல்லாம் சேர்ந்த ஒற்றைத் தொகை. பிரித்து எழுதித் தரக் கேட்டால், "அப்படி வழக்கம் இல்லம்மா" என்று கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வங்கிக் கல்விக்கடனுக்குக் கொடுப்பார்களே, ஃபீஸ் விவரத்தோடு ஒரு போனஃபைட் சான்றிதழ், அதைத் தரச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் மறுபேச்சில்லாமல் வந்தது. அதில் தலைப்பு வாரியாகத் தொகை இருக்கும். ரசீதோடு இணைத்தால் போதும்.

வரியையும் கவனியுங்கள். பரிசுப் போட்டி வருமானம் என்று கணக்கில் எழுதிவிட்டால் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினாலே முழுத் தொகைக்கும் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். வேறு வருமானமே இல்லாத மாணவி என்றாலும் அது திரும்பாது. படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு வரிவிலக்கு உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அது 10(16) பிரிவு. எனவே தொகை படிப்புச் செலவுக்காகத் தரப்படுகிறது என்று, தேர்வானதாகத் தரும் கடிதத்திலேயே எழுதி வாங்குவது நல்லது. கல்லூரிக் கணக்குக்கு நேராகப் போனால் இன்னும் நல்லது.

இனி மற்ற காகிதங்கள். வயதுக்கு ஆதாரை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்புகிறார்கள். பிறந்த தேதிக்கு அது சான்று இல்லை என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான் செல்லும். அசல் கல்லூரியில் மாட்டிக்கொண்டிருந்தால் டிஜிலாக்கரில் இறக்கிக்கொள்ளலாம். இனிஷியல் பெரிய தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, வங்கியில் அதுவும் இல்லை என்றால் பணம் போடும்போதுதான் சிக்கும். பள்ளிச் சான்றிதழை வைத்து மற்றதைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும்.

'சேலம் மாவட்டத்தவர் மட்டும்' என்ற விதி இருந்தால் இருப்பிடச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) தாண்டி தாலுகா அலுவலகம் போய்த்தான் வரும். ரேஷன் கார்டு முகவரி பழசாக இருந்தால் முதல் படியிலேயே திரும்பிவிடும். ஏற்காடு தனித் தாலுகா. அங்கே வீடு இருப்பவர்கள் கீழே சேலத்தில் இருக்கும் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

வீட்டில் முதலில் கேட்பது நீச்சலுடை உண்டா என்றுதான். இங்கே இல்லை. நீச்சலுடைக்குப் பேர்போன மிஸ் அமெரிக்காவே 2018இல் அந்தச் சுற்றை எடுத்துவிட்டது. 1921இல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கிய அந்தப் போட்டியில் உதவித்தொகை என்று ஒன்று வந்ததே 1945இல்தான். அந்த வருடம் வென்ற பெஸ் மையர்சனுக்கு 5,000 டாலர். இதைச் சொன்னால் பாதி அத்தைமார்கள் சமாதானம் ஆகிறார்கள்.

மேடையில் சறுக்குவது அநேகமாகச் செருப்பாலும் சேலையாலும்தான். ஹீல்ஸை முதலில் வாங்குங்கள். அதைப் போட்டு நின்றபடி உயரம் பார்த்துவிட்டுப் பிறகு சேலைக்கு ஃபால்ஸ் தையுங்கள். புது ஹீல்ஸின் அடிப்பக்கம் வழுக்கும், உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். சேலத்துப் பெருமை என்று வெண்பட்டில் இறங்காதீர்கள். வெள்ளைப் பட்டு, எல்.இ.டி. நீலமாக அடித்தால் நீலம், சிவப்பாக அடித்தால் சிவப்பு. கனம் குறைந்த, அடர் நிற இளம்பிள்ளைச் சேலை பாதி விலையில் பளிச்சென்று நிற்கும். எண் அட்டையைப் பட்டில் குத்தச் சொல்வார்கள். உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துக் குத்தினால் கிழியாது.

சன்ஸ்கிரீன் மேல் மேக்கப் போட்டால், அதில் துத்தநாகம் இருக்கும் பட்சத்தில், ஃபிளாஷ் படத்தில் முகம் மட்டும் சுண்ணாம்பாகத் தெரியும். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் மேலேயே முடியை அயர்ன் செய்துகொண்டு இறங்க வேண்டாம். பனி ஈரம் பட்டால் பழைய சுருளுக்கே போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வயிறு ஒத்துழைத்தால் அதுவே பெரிது.

திறமைச் சுற்று 90 விநாடி. பரதம் ஆடுகிறவர்கள் மேடையில் கம்பளம் உண்டா என்று முந்தின நாளே கேளுங்கள், கம்பளத்தில் சலங்கை கேட்கும், தட்டடி கேட்காது. பாட்டை எம்.பி.3யாக இரண்டு பென்டிரைவில் கொண்டுபோங்கள். சவுண்ட் ஆள் போனிலிருந்து போட மாட்டேன் என்பார், நடுவில் அழைப்பு வந்தால் பழி அவர்மேல்தானே.

கேள்விச் சுற்றில் தமிழில் பதில் சொன்னால் மதிப்பெண் குறையுமா என்று ஒத்திகையிலேயே கேட்டுவிடுங்கள். குறையாது என்றார்கள், குறையவும் இல்லை. சேலத்தின் பெருமை என்று ஜவ்வரிசி, கொலுசு, மாம்பழம் மூன்றையும் எல்லோரும் சொல்வார்கள். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற பெண்கள் என்ன கூலி வாங்குகிறார்கள் என்று பேசியவளைத்தான் நடுவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

முடிவு அறிவிக்க நடுராத்திரி ஆகிவிடும். அந்நேரத்துக்கு ஏற்காடு பஸ்ஸை நம்பாதீர்கள். மலைக்கு டாக்ஸி பேசுவதைவிடப் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரூம் எடுப்பது மலிவு.