ஏற்றத்தில் மட்டும்

“வண்டி இழுக்கவே மாட்டேங்குது.” பட்டறைக்கு வரும் மோட்டார் ஹோம்காரர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் வருவார்கள். கார் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு இந்தப் பெரிய வண்டிகளுக்கு வந்த புதிதில், இந்த வரியைக் கேட்டதும் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைக் கையில் எடுத்துவிடுவேன். இப்போது முதலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்கிறேன். எப்போது இழுக்கவில்லை, எவ்வளவு நேரம் ஓட்டினபிறகு, நின்றுவிட்டுக் கிளப்பினால் சரியாகிறதா, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போவேன். இந்தப் பழக்கம் ஒரு வண்டி கற்றுக்கொடுத்தது. அந்த வண்டிக்குத் தேவையே இல்லாத ஒரு பெட்ரோல் பம்ப்பை நான் மாற்றினேன்.

மோட்டார் ஹோம் என்றால் ஒரு வீட்டைத் தூக்கி லாரி சேஸிஸ் மேல் வைத்த மாதிரி. எட்டு, ஒன்பது டன் எடை, முன்பக்கம் சுவர் மாதிரி தட்டையாக இருக்கும். பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துத்தான் ஓட்ட வேண்டும். கார் எஞ்சின் எப்போதாவது ஒரு தடவை செய்கிற வேலையை இது அரை மணி நேரம் விடாமல் செய்கிறது. அதனால் காரில் வருஷக்கணக்கில் வெளியே தெரியாத சின்னக் குறை இங்கே முதல் மலையிலேயே தெரிந்துவிடும். பட்டறையில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து கேட்டால் எஞ்சின் பச்சைக் குழந்தை மாதிரி சாதுவாக ஓடும்.

அந்த வண்டியின் ஓனர் ஓய்வுபெற்றவர். மனைவியோடு ஊர் சுற்றுவதற்கென்றே வாங்கியது. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பக்கத்துக்கு நான்கு சிலிண்டராக இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் புகைக்குழாய், அதில் புகையைச் சுத்தப்படுத்தும் ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அவர் சொன்னது இதுதான்: சமதளத்தில் எந்தக் குறையும் இல்லை. மலை ஏறத் தொடங்கிப் பதினைந்து இருபது நிமிஷம் ஆனதும் வேகம் எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்குகிறது. ஓரம் கட்டி ஒரு பத்து நிமிஷம் ஆஃப் செய்துவிட்டுக் கிளப்பினால் பழையபடி ஏறுகிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கதை.

அந்தப் ‘பத்து நிமிஷம்’தான் என்னைக் கவிழ்த்தது. டேங்குக்குள் அடியில் பம்ப் இருக்கும், அதன் வாயில் வலை மாதிரி ஒரு வடிகட்டி. டேங்கில் தூசும் துருவும் சேர்ந்திருந்தால், எஞ்சின் அதிகமாகப் பெட்ரோல் கேட்கும்போது அவை அந்த வலையில் போய் அப்பிக்கொள்ளும். வண்டியை ஆஃப் செய்தால் உறிஞ்சல் நின்று, அழுக்கு உதிர்ந்து கீழே விழும். மறுபடி கிளப்பினால் நன்றாக ஓடும். இதை நான் இரண்டு மூன்று வண்டிகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓனர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே என் மனசில் பம்ப்பைக் கழற்றியாகிவிட்டது.

அப்புறம் நான் செய்த சோதனைகள் எல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடியவைதான். பெட்ரோல் அழுத்தம் பார்த்தேன். 40 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் நின்றபடி ஓடும்போது 38 காட்டியது. என் பழைய கேஜில் இரண்டு பாயின்ட் வித்தியாசம் வருவது சகஜம். ஆனாலும் “பார், கம்மியாக இருக்கிறது” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன ஏற்றம் போய் வந்தேன். ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் பார்த்தேன். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, கணக்கிட்ட பெட்ரோலுக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டுகிறோம், குறைக்கிறோம் என்று கம்ப்யூட்டர் காட்டும் எண் அது. எஞ்சினின் இரண்டாவது பக்கத்தில் பிளஸ் 16. பெட்ரோல் போதவில்லை, கம்ப்யூட்டர் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறது. சரி, பம்ப்தான்.

முதல் பக்கத்தில் மைனஸ் 13 இருந்தது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான். எழுதிவிட்டு அதைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இந்த வண்டிகளில் பம்ப் மாற்றுவது சும்மா விஷயம் இல்லை. 300 லிட்டர் பிடிக்கிற டேங்க், அதில் 180 லிட்டர் கிடந்தது. அதை முழுக்க வெளியே எடுத்து, ஜெனரேட்டருக்குப் போகும் தனிக்குழாயைக் கழற்றி, டேங்கை ஜாக்கியில் மெல்ல இறக்க வேண்டும். (அந்தத் தனிக்குழாயை அடிவரை விடாமல் வேண்டுமென்றே குட்டையாக வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓடினாலும் காலையில் வண்டி கிளம்ப டேங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்த சில இடங்களில் இதுவும் ஒன்று.) ஒன்றரை நாள் வேலை. வலையைப் பார்த்தேன். கொஞ்சம் மங்கலாக இருந்ததே தவிர அடைப்பு என்று சொல்ல முடியாது. அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும். டேங்க் தரையில் கிடக்கிறது, புதுப் பம்ப் டப்பாவில் இருக்கிறது, யாருக்கு நிற்கத் தோன்றும்? மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக ஏறியது. நான் ஒருவன் மட்டும், தண்ணீர்த் தொட்டி காலி, பெட்ரோல் கால் டேங்க், வெயிலும் இல்லை, ஏற்றமும் எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான்காவது நாள் ஓனர் போன் செய்தார். கோபப்படவில்லை. “தம்பி, அதே இடத்துல அதே மாதிரி நிக்குது” என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை கேஜுக்கு நீளமான குழாய் மாட்டி, வெளியே கொண்டுவந்து, முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் சொன்னேன். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ, இருநூறு லிட்டர் என்றால் மூன்று ஆள் எடை. அவரே ஓட்டினார், அந்த அம்மா பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் நிற்கும் அதே மலைக்குப் போனோம். பதினெட்டாவது நிமிஷம் வண்டி மூச்சுவாங்க ஆரம்பித்தது. கண்ணாடியில் முள் 40ஐ விட்டு அசையவில்லை. நான் இறக்கி ஏற்றிய அந்த டேங்க் முழுவதும் ஒரு நிமிஷம் என் கண்முன் வந்து போனது.

பெட்ரோல் வருகிறது, சக்தி இல்லை. அப்படியானால் காற்று. உள்ளே வரும் வழியைப் பார்த்தேன், ஏர் ஃபில்டர் சுத்தம். மாசக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிகளில் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், இங்கே அதுவும் இல்லை. மிச்சமிருப்பது வெளியே போகும் வழி. அப்போதுதான் நோட்டில் இருந்த மைனஸ் 13 எனக்கு உறைத்தது.

எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளே போகும் காற்றை அளப்பது ஒரே சென்சார். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோல் கொடுக்கிறது. ஒரு பக்கத்துப் புகைவழி அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் மூச்சை வெளியே விட முடியாது, அதனால் உள்ளே இழுக்கவும் முடியாது. அதன் பங்குக் காற்று மறுபக்கம் போய்விடுகிறது. பெட்ரோல் மட்டும் பாதிப்பாதியாகவே போகிறது. அடைத்த பக்கத்தில் பெட்ரோல் அதிகம், கம்ப்யூட்டர் குறைக்கிறது: மைனஸ். நல்ல பக்கத்தில் பெட்ரோல் போதவில்லை, கூட்டுகிறது: பிளஸ். பம்ப் பலவீனமாக இருந்தால் இரண்டு பக்கமும் பிளஸ் காட்டியிருக்கும். நான் நன்றாக இருந்த பக்கத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு வியாதி கண்டுபிடித்திருக்கிறேன்.

முதல் பக்கத்தில் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தக் கேஜ் மாட்டினேன். சென்சார் இல்லையே என்று விளக்கு எரியும், எரியட்டும். பட்டறையில் சும்மா ஓடும்போது 1 பிஎஸ்ஐக்குக் கீழே. நிமிஷத்துக்கு 2500 சுற்றில் இரண்டரை. மூன்றுக்குள் இருந்தால் குறை இல்லை என்பது வழக்கமான கணக்கு, ஆக இதுவும் தேறிவிட்டது. பட்டறையில் எல்லாமே தேறிவிடுகிறது! மறுபடி மலைக்குப் போனோம். ஐந்து, ஏழு, ஒன்பது என்று முள் ஏற ஏற வேகம் இறங்கியது. ஓரம் கட்டி ஆஃப் செய்து பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளப்பினோம். முள் ஒன்றுக்கு வந்துவிட்டது.

கன்வெர்ட்டரைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்களாக இருக்க வேண்டிய பீங்கான், முன்பக்கம் உருகிக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பெரிய துண்டு ஒன்று உடைந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் புகை வேகமாக வரும்போது அது நிமிர்ந்து கதவு மாதிரி வழியை மூடுகிறது. ஆஃப் செய்தால் சரிந்து படுத்துக்கொள்கிறது. வலையில் உதிரும் அழுக்குக்கும் இந்தத் துண்டுக்கும் அறிகுறி ஒன்றேதான்.

பீங்கான் தானாக உருகாது, 1400 டிகிரியைத் தாண்ட வேண்டும். எரியாத பெட்ரோல் உள்ளே வந்து அங்கேயே எரிந்தால் அந்தச் சூடு வரும். அதாவது எங்கோ மிஸ்ஸிங் இருக்கிறது, ஏதோ ஒரு சிலிண்டர் சில தடவை பற்றாமல் விட்டுவிடுகிறது. “எஞ்சின் விளக்கு எப்பவாவது எரிஞ்சுதா சார்?” என்று கேட்டேன். எரியவில்லை, போன வருஷம் ஏற்றத்தில் மட்டும் கண் சிமிட்டியது என்றார். நிலையாக எரிந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருக்கிறார். நேர் எதிர். சிமிட்டினால்தான் கன்வெர்ட்டர் அந்த நிமிஷமே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றியதில் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடும் அழிந்துபோய்விட்டது. ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாக மிஸ்ஸிங் எண்ணிக்கை பார்த்தேன். முதல் பக்கத்தில் கடைசி சிலிண்டரில் மட்டும் எண் இருந்தது, மற்ற ஏழிலும் பூஜ்யம்.

எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு பெட்டி மூடிக்குக் கீழே இருக்கும். அந்தக் கடைசி சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மூடியைக் கழற்றி, தரையில் குப்புறப் படுத்து, ஒரு கையை மட்டும் விட்டுத் தடவித் தடவித்தான் போக வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆனது. பிளக்குகளை எல்லாம் போன வருஷம்தான் வேறொரு இடத்தில் மாற்றினார்களாம், பில்லும் வைத்திருந்தார். ஏழு பிளக் புதுசாக இருந்தது. என் கைக்கு வந்த எட்டாவது, வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலிருந்தே அங்கே இருந்த மாதிரி இருந்தது. முனை தேய்ந்து, இடைவெளி இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைச் செய்தவரைத் திட்ட வாய் வந்தது. ஆனால் என் கையும் அப்போது அந்த ஓட்டைக்குள்தான் சிராய்த்துக் கிடந்தது. ஏன் விட்டார் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

கன்வெர்ட்டர், எட்டுப் பிளக், அந்த ஒரு சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் எல்லாம் மாற்றி, தண்ணீர் நிரப்பி, அதே மலைக்குப் போனோம். நிற்காமல் உச்சிவரை ஏறியது. டிரிம் இரண்டு பக்கமும் மூன்றுக்குள். பம்ப்புக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், நான் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். முதல் நாளே என்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறார், மலை ஏறும்போதெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்று. மோட்டார் ஹோமில் நாற்றம் என்றால் யாருக்கும் கழிப்பறைத் தொட்டிதான் ஞாபகம் வரும். “தொட்டிக்கு மருந்து ஊத்துங்கம்மா” என்று சொல்லி அனுப்பியவன் நான். பெட்ரோல் அதிகமாகப் போகும் பக்கத்துச் சூடான கன்வெர்ட்டர் கந்தக நாற்றம் விடும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

“இப்ப நாத்தமே இல்ல தம்பி” என்றார். “நீங்க சொன்னீங்கன்னு ஆறு பாட்டில் மருந்து வாங்கி வெச்சிருக்கேன். யாருக்காவது வேணுமா கேட்டுப் பாருங்க.”