கீட்டோ உணவும் வலிப்பு மருந்தும்: சிரப்பில் ஒளிந்திருக்கும் சர்க்கரை

தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் குழந்தைக்கு வலிப்பு அடங்கவில்லையென்றால், கொழுப்பு மிக அதிகமாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள கீட்டோஜெனிக் (கீட்டோ) உணவைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். 2008-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், இந்த உணவுக்கு மாறிய குழந்தைகளில் 38 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. மாறாதவர்களில் 6 சதவீதம்தான். சாப்பாட்டை மாற்றியாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. வலிப்பு விடாமல் தொடரக்கூடும்.

4 கிராம் கொழுப்புக்குப் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்பதுதான் 4:1 முறை. கணக்கு இப்படி: ஒரு நாளைக்கு 1000 கலோரி தேவையென்றால் கொழுப்பு 100 கிராம், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே 25 கிராம்தான். 100 கிராம் சோற்றில் மட்டும் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதனால்தான் எடைத் தராசு இல்லாமல் இது நடக்காது. சற்றுத் தளர்வான மாற்றியமைத்த அட்கின்ஸ் முறையில் மாவுச்சத்துக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 கிராம் வரை இடமுண்டு. முட்டை, பனீர், தேங்காய், வெண்ணெய் என்று நம் வீட்டுச் சமையலுக்கு இதுவே ஒத்துவரும்.

பலரும் கோட்டைவிடுவது மருந்துப் புட்டியில். 5 மில்லி சிரப்பில் 3 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 10, இரவு 10 மில்லி கொடுத்தால் 12 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடும். தட்டில் அளந்ததெல்லாம் வீண். காய்ச்சல் சிரப், இருமல் மருந்து, சத்து டானிக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது; மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

டோபிராமேட், ஜோனிசமைடு என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டும்; இந்த உணவும் அதையே செய்யும். சிறுநீரகக் கல்லும் வரலாம். தண்ணீர் நிறையக் கொடுங்கள், ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டின் அளவைப் பாருங்கள். தேவைப்பட்டால் கல் வராமல் தடுக்க மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் தருவார். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் குழந்தைக்கு, கொழுப்பை எரிக்க உடலுக்கு உதவும் கார்னிட்டின் குறையலாம். கொழுப்பை எரிப்பதில் பிறவிக் கோளாறு இருந்தால் இந்த உணவே கூடாது. இதைத் தொடங்கும் முன்பே சோதித்துவிட வேண்டும்.

வாந்தி, வேகமான மூச்சு, அளவு மீறிய தூக்கம் தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதல் வார்த்தையாகக் கீட்டோ உணவு என்று சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தால் தவிர, குளுக்கோஸ் டிரிப்ஸ் போட்டால், கொழுப்பு எரிவதால் ரத்தத்தில் உண்டாகும் கீட்டோன் சரிந்து வலிப்பு திரும்பலாம்.

பலன் தெரிய மூன்று மாதம் கொடுங்கள். அதன் பிறகு மருந்தைக் குறைப்பதானால் மருத்துவர் சொற்படி ஒவ்வொன்றாக. ஃபினோபார்பிட்டோன், குளோபசாம் இரண்டையும் மிக மிக மெதுவாக.