தூதுவளைக்கு மாரித் தண்ணீர்தான் ஆபத்து

தூதுவளை பல ஆண்டு நிற்கும் கொடி. ஆனாலும் திருகோணமலையில் ஐப்பசியில் வைத்த கன்று மார்கழிக்குள் செத்துப்போவதை அடிக்கடி பார்க்கலாம். முதல் மழையோடு எல்லாவற்றையும் நடும் பழக்கம் இதற்குச் சரிவராது. இங்கே பெருமழை ஐப்பசியிலிருந்து தை வரை. தண்ணீர் தேங்கினால் இளவேருக்குக் காற்றுக் கிடைக்காது, அழுகிவிடும். தை நடுவில் மழை ஓய்ந்ததும் நட்டால், கோடையில் வீசும் வறண்ட கச்சான் காற்று எழும்ப முன்னர் வேர் ஆழத்துக்குப் போய்விடும்.

நன்றாகச் சிவந்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து விதையைக் கழுவி, நிழலில் 2 நாள் உலர்த்துங்கள். மேல்மண், மணல், மக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டால் 10 முதல் 20 நாளில் முளைக்கும். அவசரமென்றால் தண்டு நடலாம். பென்சில் தடிப்பில் முற்றிய தண்டாக, 3, 4 கணுவோடு 15 சென்ரிமீற்றருக்கு வெட்டி, 2 கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வையுங்கள். பச்சைத் தண்டு அழுகும்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 சென்ரிமீற்றர். அதை எருக்கலவையால் நிரப்பி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேடாக்கி, அந்த மேட்டில்தான் கன்று வைக்க வேண்டும். மாரியில் கொடியைக் காப்பாற்றுவது இந்த மேடு. கொடிக்குக் கொடி ஒரு மீற்றர் விடுங்கள். கம்பிவேலியில் படரவிடலாம், ஆனால் நடைபாதைப் பக்கம் வேண்டாம். முள் கொக்கிபோல் வளைந்தது, துணியைப் பிடித்தால் விடாது.

இது கத்தரி, மிளகாய், தக்காளியின் இனம். அவை வாடிச் செத்த பாத்தியில் இதை நடவே கூடாது. மண் ஈரமாக இருக்கும்போதே, இலை பச்சையாகவே தொங்கினால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். பால்போல் நூல்நூலாக இறங்கினால் பக்டீரியா வாடல். மருந்து தேடாமல் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வட்டப்புழு, அதாவது மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு.

இலை சல்லடைபோல் ஆகிறதா? அடிப்பக்கத்தைத் திருப்பினால் மஞ்சள் முட்டைக் குவியலோ, முள்முள்ளான மஞ்சள் புழுவோ இருக்கும். புள்ளி வண்டின் வேலை. கையால் நசுக்குவதே சிறந்தது. பெருகிவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சவர்க்காரக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். அதன்பின் ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம்.

கோடையில் கன்றுக்கு 2 நாளுக்கொரு தடவை, வளர்ந்த கொடிக்கு வாரம் இரண்டு தடவை தண்ணீர் போதும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரக் கிணறு கோடை முற்ற உவர்த்தால் இலை ஓரம் கருகும். அப்போது வாரத்துக்கு ஒரு வாளி நல்ல தண்ணீரை அடியில் மெதுவாக ஊற்றுங்கள், உப்பு கீழே இறங்கும்.

புரட்டாசியில் தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு, சாய்வாக வெட்டி, 2 கிலோ மக்கிய எரு போடுங்கள். வெட்டாத கொடி உச்சியில் மட்டும் இலை விட்டு அடி மொட்டையாகும். வெட்டியது மழையோடு தளிர்த்து, சளியும் இருமலும் வரும் மார்கழிக்கு இலை தரும்.

நடுவயது இலையைக் காம்போடு கத்தரியுங்கள், ஒரு கிளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நடுநரம்பில் முள் இருக்கும், கத்தி நுனியால் சுரண்டிவிட்டு நல்லெண்ணெயில் வதக்கி, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ சேர்த்து இடித்துத் தேசிப்புளி விட்டால் சம்பல். மருந்தாக நாள்தோறும் எடுப்பது வேறு விஷயம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. ஊரில் சித்த மருத்துவர்களுக்குக் குறைவில்லை. கர்ப்பிணிகளும் ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும் அவர்களிடம் கேட்டபின் தொடங்குங்கள். வெள்ளை வரியோடிய பச்சைக் காயைச் சிறுபிள்ளைகள் வாயில் வைக்காமல் பாருங்கள்.