குழாய்க்குள் இருப்பது ஹைட்ரஜன் மட்டுமல்ல

மெக்னீசியத்தை அமிலத்தில் கரைத்து, வெளிவரும் ஹைட்ரஜனை அளந்து, ஒரு மோல் வாயுவின் கன அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை பார்க்க எளிது. விடைதான் லேசில் சரியாக வராது. வராதபோது மாணவர்கள் வாயுச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இருக்காது. கணக்கைத் தொடங்கும் முன்பே நேர்ந்திருக்கும்.

முதலில் மெக்னீசிய நாடா. வாயுவைப் பிடித்து அளக்கும் 50 மிலி குழாய்க்கு 4 செ.மீ. போதும். அதை இரண்டு தசமத் தராசில் தனியாக நிறுத்தால் ஏழில் ஒரு பங்கு வரை பிழை வரலாம். உப்புத்தாளால் கறுப்பு ஆக்சைடைத் தேய்த்து எடுத்த ஒரு மீட்டர் நாடாவை நிறுத்து, நீளத்தை வைத்துக் கணக்கிடுவதே நல்லது. மீட்டருக்கு 0.92 கிராம் என்றால் 4 செ.மீ.க்கு 0.0368 கிராம், அதாவது 0.00151 மோல். ஒரு மெக்னீசிய அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு என்பதால் வாயுவும் அதே மோல்தான்.

நாடாவைச் சுருட்டிச் செம்புக் கம்பிக் கூண்டில் வைக்க வேண்டும். செம்பு இந்த அமிலத்தோடு வினைபுரியாது. கூண்டு தளர்வாக இருந்தால் நாடாத் துண்டு நழுவி மேலே போய்க் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் படாமல் அப்படியே நின்றுவிடும். குழாயில் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மிலி ஊற்றி, அதன்மேல் குழாயைச் சாய்த்துச் சுவரோரமாக நீரை மெல்ல விட்டு விளிம்புவரை நிரப்ப வேண்டும். கூண்டை வாயருகே ரப்பர் அடைப்பானால் பிடித்து, நீருள்ள பீக்கரில் கவிழ்த்தால் அடர்த்தி கூடிய அமிலம் தானாக இறங்கி உலோகத்தைத் தொடும். கவிழ்க்கும்போது நுழையும் ஒரு காற்றுக் குமிழும் கணக்கில் சேர்ந்துவிடும். பக்கத்தில் தீச்சுடர் கூடாது.

வினை முடிந்ததும் குழாயைத் தட்டிக் குமிழ்களை விடுவித்து, ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். பிறகு உயரமான நீர்ச் சிலிண்டருக்கு மாற்றி, உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்வரை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். மட்டங்கள் 13.6 செ.மீ. வேறுபட்டால் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் மாறிவிடும். கண்ணைப் பிறைத்தளத்துக்கு, அதாவது குழாய்க்குள் வளைந்து நிற்கும் நீர்ப்பரப்புக்கு, நேராக வைத்தே படிக்க வேண்டும். இல்லையேல் பார்க்கும் கோணத்தால் அளவு மாறித் தெரியும் இடமாறு தோற்றப்பிழை.

அதிகம் மறக்கப்படுவது, நீரின்மேல் சேரும் ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் நீராவி. 30 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் 31.8 மி.மீ. வளிமண்டல அழுத்தம் 760 என்றால் ஹைட்ரஜனுக்கு 728.2தான் பங்கு. இதைக் கழிக்காவிட்டால் ஒரு மோலின் கன அளவு 22.4 லிட்டருக்குப் பதில் 23.4 வரும். அந்த வெப்பநிலையில் விடை சரியாக ஒரு லிட்டர் கூடியிருந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

வளிமண்டல அழுத்தத்தை வானிலை அறிவிப்பிலிருந்து எடுப்பதும் சிக்கல். அந்த எண் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. 900 மீட்டர் உயரத்தில் உண்மையான அழுத்தம் அதைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. ஆய்வகத்திலேயே ஒரு பாரமானி வேண்டும்.

22.4 லிட்டர் என்பது 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்துக்கு உரியது; 100 கிலோபாஸ்கல் என்று எடுத்தால் 22.7. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை எழுதியாக வேண்டும். கால்குலேட்டர் காட்டும் 22.4137-ஐ அப்படியே எழுத இந்தக் குழாய் இடம் தராது. நாடாவை அரை மி.மீ. தவறி வெட்டினாலே 0.3 லிட்டர் நகர்ந்துவிடும். 22.6 ± 0.3 என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண் தர வேண்டும்.