0.44 வரை அப்பா, அதற்குப் பிறகு நான்

அப்பாவின் குறிப்பேட்டில் கடைசியாக இருப்பது ஓர் எண்: 0.44. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதை எழுதிய வாரத்தில் மருத்துவமனைக்குப் போனவர், பிறகு ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை.

வண்டி 1966 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பின்பக்கம் எஞ்சின், காற்றிலேயே குளிரும் நான்கு சிலிண்டர், 1285 சிசி. அந்த எஞ்சினை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, பின்னாளில் வந்த 1600 எஞ்சினின் கேஸில், அதாவது வெளிக்கூட்டில், 90.5 மி.மீ. பிஸ்டன்களைப் பொருத்தி 1776 சிசியாகக் கட்டுவது அப்பாவின் திட்டம். இரட்டை கார்புரேட்டர் வைக்க வேண்டும், 6 வோல்ட் வயரிங் 12 வோல்ட்டாக வேண்டும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மட்டும் எதுவும் தெரியக்கூடாது.

அவர் மறைந்த பிறகு பதினொரு மாதங்கள் நான் ஷெட்டைத் திறக்கவில்லை. நான் மெக்கானிக் இல்லை. சிறு வயதில் அவர் கையை நீட்டினால் கேட்காமலே பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான் பயிற்சி. ஒருநாள் அம்மா சாவியை என் கையில் வைத்தார். “முடிக்கிறாயா, விற்கிறாயா, இரண்டில் ஒன்று செய். பூட்டி மட்டும் வைக்காதே” என்றார்.

முதல் மாதம் முழுக்கக் குறிப்பேட்டைப் படித்தேன். அந்த 0.44 என்னவென்று புரிந்த இரவில்தான் இந்த வேலையை முடிக்க முடியும் என்ற துணிவு வந்தது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இடைவெளி வேண்டும். அதைச் சரிசெய்யத்தான் அதன் முனையிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பின்னால் மூன்று ஷிம்கள், அதாவது மெல்லிய உலோக வளையங்கள், இருக்கின்றன. முதலில் இரண்டை மட்டும் போட்டு, ஃப்ளைவீலை இறுக்கி, நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் டயல் கேஜில் அளக்க வேண்டும். வருகிற அளவில் 0.10 போக மீதி எவ்வளவோ அதுதான் மூன்றாவது ஷிம்மின் தடிமன். அப்பா அளந்திருக்கிறார், கழிக்கவில்லை.

நீண்ட நாள் மூடிக் கிடந்ததால் கேஸைப் பிரித்து, பேரிங்குகளைத் துடைத்துப் பார்த்து, எண்ணெய் பூசித் திரும்ப மூடினேன். பிறகு அவர் செய்தபடியே இரண்டு ஷிம்களுடன் அளந்தேன். ஊசி 0.44-இல் நின்றது. ஷிம் பெட்டியைக் கொட்டித் தேடினால், 0.34 தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மனத்துக்குள் கழித்து எடுத்தும் வைத்துவிட்டார் போலிருக்கிறது. அதைப் பொருத்திவிட்டு அளந்தேன்: 0.10. குறிப்பேட்டில் அவர் எண்ணுக்குக் கீழே என் கையெழுத்தில் அதை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அடுத்தது கம்ப்ரெஷன் கணக்கு, அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படும் என்பது. சிலிண்டர் ஹெட்டின் குழிக்குள் எத்தனை சிசி திரவம் பிடிக்கிறது என்று ஊசிக்குழலால் நிரப்பி அளப்பார்கள். மூன்று முறை அளந்தேன், மூன்றும் வேறு வேறு. அம்மா செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசிக்குழலை என்னிடமிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் இருமுறை தட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்றினார். அப்பாவின் கடைசி மாதங்களில் தினமும் பார்த்த அதே அசைவு. இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. நான்கு குழிகளையும் அவரே நிரப்பினார். நான்கும் 52. பிஸ்டனுக்கு மேலே 1.4 மி.மீ. இடைவெளி விட்டுக் கணக்குப் போட்டால் 8.3-க்கு 1 வந்தது. காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இதற்கு மேல் ஆசைப்பட நான் தயாராக இல்லை.

வயரிங் எளிதாக முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தார். கடைசலுக்குக் கொடுத்த இடத்தில் ஸ்பார்க் பிளக் மரையைக் கெடுத்துத் தந்ததில் மூன்று மாதங்கள் வீணாயின. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிரேக் விஷயத்தில்தான் திணறினேன். “முன்பக்கம் டிரம்மே இருக்கட்டும்” என்று எழுதி அப்பா அடிக்கோடும் போட்டிருந்தார். 40 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் கொடுத்த டிரம் அது. புதிய எஞ்சின் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இழுக்கும். போதாதற்கு, பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1500 பீட்டிலுக்கு ஃபோக்ஸ்வாகனே முன்பக்க டிஸ்க் கொடுத்திருக்கிறது, அந்த அமைப்பு இந்த வண்டியில் பொருந்தும். தெரிந்தும் ஆறு வாரங்கள் அந்த அடிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். “அவர் இருந்தபோது நீ எதைத்தான் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டாய்?” என்று கேட்டார். டிஸ்க் பிரேக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் போட்டேன். காரணங்களைக் குறிப்பேட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினேன், அவர் எதிரே உட்கார்ந்து கேட்பதைப் போல.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றுவது, எஞ்சின் கொள்ளளவு மாறியதைப் பதிவு செய்வது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது ஆகியவற்றின் விதிகளை ஸ்பேனரைத் தொடும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் விசாரித்து அலைந்தேன். பழைய பெட்ரோல் குழாய்களையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் பல தீப்பிடித்தது அவற்றால்தான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். பிறகு பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. வால்வுகளைத் திறக்கும் புது கேம் ஷாஃப்ட் பதிய வேண்டும் என்பதால் 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடங்கள் ஓட வேண்டும். பேச முடியாத சத்தம். அம்மா சுவரோரம் நாற்காலி போட்டு, மடியில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களைக் காட்டினார். நான்காவது முறை கையை உயர்த்தியதும் எஞ்சினை நிறுத்தினேன்.

ஒரு புஷ்ராட் குழாயின் அடியில் மட்டும் எண்ணெய் துளிர்த்திருந்தது. மறுநாள் அந்த சீலை மாற்றினேன். வால்வு இடைவெளிகளை எஞ்சின் ஆறியபின் 0.15-க்கு வைத்து, தேதியுடன் குறிப்பேட்டில் எழுதினேன். அதில் இன்னும் நாற்பது பக்கங்கள் இருக்கின்றன. ஹாரன் வயரில் அப்பா ஒட்டிய டேப்பை மட்டும் நான் எடுக்கவில்லை.