உள்ளூர்ப் படங்களின் வழியே ஒரு நாட்டை அறிதல்

குடிபெயர்ந்து வந்தவர்களுக்குப் புதிய நாட்டைப் பற்றிய முதல் அறிவு பெரும்பாலும் படிவங்களிலிருந்தே கிடைக்கிறது. வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றாக முடிப்பதற்குள் இங்குள்ள விதிமுறைகள் ஓரளவு பழகிவிடுகின்றன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எதற்குக் கோபப்படுவார்கள், எதை வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்துக்கொள்வார்கள், வயதான பெற்றோரிடம் எப்படிப் பேசுவார்கள் என்பதையெல்லாம் எந்த அலுவலகமும் சொல்லித் தருவதில்லை. அவற்றை நான் அறிந்துகொண்டது, எங்கள் பகுதி நூலகத்தின் கூட்ட அறையில் மாதந்தோறும் படம் காட்டும் திரைப்படச் சங்கத்தில்தான். அதன் அடுத்த பருவத்துக்கான படத்தேர்வு முடிந்திருக்கும் இவ்வேளையில், புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம்மில் பலர் இங்கு வந்த பின்னும் தமிழ்ப் படங்களை வெளியான நாளிலேயே பார்த்துவிடுகிறோம். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அந்த அரங்கில் நம்மைச் சுற்றி இருப்பவர்கள் நாம் முன்பே அறிந்த உலகத்தைச் சேர்ந்தவர்கள். சங்கத்தின் திரையிடலுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியரும் வருகிறார், பணி முடிந்த கையோடு செவிலியரும் வருகிறார், கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். அங்கு நான் பார்த்த உள்ளூர்ப் படம் ஒன்றில், தந்தையை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்த மகன், காரைக் கிளப்பாமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அமர்ந்திருப்பான். இந்த நாட்டவர்களுக்குக் குடும்பப் பாசம் குறைவு என்று நம்மிடையே சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். அந்தக் காட்சியில் என் வரிசையில் இருந்தவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு, அந்தப் பேச்சு என்னிடம் எடுபடுவதில்லை.

மொழி புரியுமா என்று தயங்குபவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். செவித்திறன் குறைந்த உறுப்பினர்களுக்காக எங்கள் சங்கம் கூடியவரை எல்லாப் படங்களையும், படம் பேசும் அதே மொழியில் அமைந்த சப்டைட்டிலோடு திரையிடுகிறது. உரையாடல் மட்டுமன்றி, கதவு தட்டும் ஓசை, தொலைவில் செல்லும் ரயில், பின்னணி இசை ஆகியவையும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். புதிதாக வந்தவரின் காதுக்கு இதைவிட நல்ல துணையை நான் கண்டதில்லை. வகுப்பறையில் திருத்தமாக உச்சரிக்கப்பட்ட மொழியைப் படித்துவிட்டுப் பேருந்தில் காதில் விழுவது பிடிபடாமல் தவிப்பவர்கள், வட்டாரப் பேச்சில் எந்த எழுத்து மறைகிறது, எந்தச் சொல் குறுகுகிறது என்பதைத் திரையில் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய சங்கம் நமக்கு அந்நியமான ஏற்பாடும் அன்று. லண்டனில் 1925இல் தொடங்கப்பட்ட திரைப்படச் சங்கம், வணிக அரங்குகள் எடுக்க முன்வராத படங்களையும் தணிக்கையில் சிக்கிய படங்களையும் தன் உறுப்பினர்களுக்குக் காட்டியது. கல்கத்தாவில் சத்யஜித் ராயும் திரைப்பட விமர்சகர் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து 1947இல் ஒரு சங்கத்தை நிறுவினார்கள். ராயின் முதல் படம் வெளிவந்ததோ 1955இல்தான். இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959இல் உருவானபோது அதன் முதல் தலைவராகவும் அவரே இருந்தார்.

திரையிடலுக்குப் பின்னால் இருக்கும் வேலையையும் சொல்லியாக வேண்டும். கையில் டிவிடியோ இணையச் சந்தாவோ இருந்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அவை வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை. பொது இடத்தில் காட்டுவதற்கு உரிமையாளரிடம் தனியாக உரிமம் பெற வேண்டும். பெரிய அரங்கை வாடகைக்கு எடுக்கும் நாட்களில் படம், திரையரங்குகளுக்கென்றே உள்ள டிசிபி என்னும் டிஜிட்டல் வடிவில் ஹார்ட் டிஸ்கில் வந்து சேரும். அது பூட்டப்பட்டிருந்தால், அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். ஆகவே முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிடுவது கட்டாயம். நான் முதலில் சேர்ந்ததும் இந்தச் சோதனைக் குழுவில்தான். திரையின் அடியில் சப்டைட்டில் வெட்டுப்படுகிறதா, வசனம் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்கிறதா என்று நடந்து நடந்து பார்ப்போம். வேலையிடத்துக்கு வெளியே என்னைப் பெயர் சொல்லி அழைத்த முதல் மனிதர்கள் எனக்கு அங்கேதான் கிடைத்தார்கள்.

வரும் பருவம், மூடப்பட்ட ஆலையொன்றின் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படத்தோடு தொடங்குகிறது. அதில் பேசியிருப்பவர்கள் சிலர் அன்று கூடத்துக்கும் வருகிறார்கள். அடுத்த மாதம், முழுக்க முழுக்க ஒரே தெருவில் நடக்கும் ஒரு கதைப்படம். அதன் இயக்குநருக்கு இது முதல் படம். அதன்பின் இவ்வட்டாரத்தில் வாழ்பவர்கள் எடுத்த குறும்படங்களுக்கென்றே ஒரு மாலை. பருவத்தின் இறுதியில் சுயாதீனத் தமிழ்ப் படம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பரிந்துரைத்தவன் நான். ஊரில் யாருக்கு எந்தத் தெரு என்பதிலேயே சாதி தெரிந்துவிடும் ஒரு கதை வெளியாருக்கு விளங்குமா, முன்கூட்டியே நீண்ட விளக்கம் தர வேண்டாமா என்று தேர்வுக் குழுவில் வெகுநேரம் விவாதித்தோம். சுருக்கமான அறிமுகத்தோடு படத்தைத் தொடங்குவது, கேள்விகளைப் படம் முடிந்ததும் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதுவே சரி என்பது என் கருத்து. அவர்களுடைய படங்களையும் நான் அப்படித்தான், பார்த்துவிட்டுக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.

தமிழ்ப் படத்தன்று நம்மவர்கள் திரளாக வருவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் வேண்டுவது, ஆவணப்படத்துக்கும் வாருங்கள் என்பதைத்தான். முதல்முறை வருபவர்கள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக வரலாம். அப்படி அழைத்துச் செல்ல நான் இருக்கிறேன். குறும்பட மாலைக்கு இன்னும் படங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கைபேசியில் எடுத்ததாக இருந்தாலும் தடையில்லை என்பதால், உங்கள் பிள்ளைகள் எடுத்து வைத்திருப்பவற்றைத் தயங்காமல் அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் திரைப்பாடல்களைச் சேர்த்திருந்தால் மட்டும், அவற்றுக்கும் உரிமம் தேவைப்படும் என்பதால், முன்பே நீக்கிவிடுவது நல்லது. தமிழில் பேசும் படமாக இருந்தால், அதற்கு சப்டைட்டில் எழுதித் தரும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன்.