அம்மாவுக்கு ஒபாமாகேர் வாங்கிய கதை

அம்மா 2023 ஆகஸ்டில் டாலஸ் வந்து இறங்கியபோது கையில் கிரீன் கார்டு இல்லை. பாஸ்போர்ட்டில் விசா பக்கத்தின் மேல் விமான நிலையத்தில் அடித்த முத்திரைதான். அது ஒரு வருடத்துக்குக் கிரீன் கார்டாகவே செல்லும் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அப்போது வயது 68. சர்க்கரை, பிரஷர், இடது முழங்காலில் தேய்மானம். தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் காபி குடித்து முடிப்பதற்குள் கேட்ட கேள்வி, "அம்மாவுக்கு இன்சூரன்ஸ் என்ன பண்ணப் போறீங்க?" பதிலையும் அவர்களே வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பதில்.

என் ஆபீஸ் இன்சூரன்ஸில் மனைவி, பிள்ளைகளைச் சேர்க்கலாம். அம்மாவைச் சேர்க்க முடியாது. 65 தாண்டியவர்களுக்கான மெடிகேர் உண்டு, ஆனால் இங்கே வேலை பார்த்து வரி கட்டாதவர்கள் கிரீன் கார்டோடு ஐந்து வருடம் தொடர்ந்து வசித்த பிறகுதான் அதில் காசு கட்டிச் சேரவே முடியும். ஏழைகளுக்கான மெடிக்கெய்டுக்கும் ஐந்து வருடக் காத்திருப்பு உண்டு. மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஒன்று, சுற்றிப் பார்க்க வருபவர்கள் எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ். ஏற்கெனவே இருக்கிற நோய் எதையும் அது பெரும்பாலும் தொடாது. அம்மாவிடம் இருந்ததெல்லாம் ஏற்கெனவே இருக்கிற நோய்தான். இன்னொன்று, வரிச்சலுகையோடு இன்சூரன்ஸ் வாங்க வழிசெய்யும் சட்டம்: 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட அஃபோர்டபிள் கேர் ஆக்ட், ஊர் வாயில் ஒபாமாகேர்.

அந்தப் பேரைச் சொன்னதும் எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குரூப் பதறியது. "அது வாங்கினா பப்ளிக் சார்ஜ் ஆயிடும், கவர்மென்ட்டுக்குப் பாரம்னு முத்திரை குத்திடுவாங்க, சிட்டிசன்ஷிப் வராது." "ஸ்பான்சர் பண்ணின உங்ககிட்டயே கவர்மென்ட் பணத்தைத் திருப்பி வசூல் பண்ணும்." ஒருவர் சிவப்பு எழுத்தில் பெரிய படமே போட்டிருந்தார். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று எதுவும் இல்லை, ஆனால் கடைசியில் 'அனைவருக்கும் பகிரவும்' மட்டும் இருந்தது.

எனக்கும் பயம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணம், இந்தப் புரளிகளில் எதுவும் முழுப் புரளி இல்லை. அம்மாவை அழைக்கும்போது, அவர் சில அரசு உதவிகளை வாங்கினால் அந்தச் செலவுக்கு நான் பொறுப்பு என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தது உண்மை. டிரம்ப் முதல் முறை அதிபராக இருந்தபோது பப்ளிக் சார்ஜ் விதியைக் கடுமையாக்கியதும் உண்மை. 2020 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, 2021 மார்ச்சில் போனது. ஆனால் நான் பொறுப்பேற்ற பட்டியலில் இருப்பது மெடிக்கெய்ட், உணவு உதவி மாதிரியானவை. ஒபாமாகேரில் இன்சூரன்ஸ் வாங்கக் கிடைக்கும் வரிச்சலுகை, அதாவது சப்சிடி, அதில் இல்லை. அந்தக் கடுமையான விதி அமலில் இருந்த நாட்களில்கூட அதைக் கணக்கில் எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, பப்ளிக் சார்ஜ் என்பது கிரீன் கார்டு கொடுக்கும்போது பார்ப்பது; குடியுரிமை கொடுக்கும்போது பார்ப்பதே இல்லை. இதையெல்லாம் விதியைத் திறந்து படித்துத் தெரிந்துகொள்ள மூன்று ராத்திரி ஆனது. அந்தப் படத்தை ஃபார்வர்டு செய்ய மூன்று நொடி போதும்.

கும்பகோணத்திலிருந்து சித்தி வீடியோ காலில் வந்தார். "அக்கா, அங்க வயசானவங்களுக்கு வைத்தியம் பாக்கலாமா வேண்டாமான்னு கமிட்டி போட்டு முடிவு பண்ணுவாங்களாமே? யூடியூப்ல பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கமிட்டியை எனக்குத் தெரியும். 2009 கோடையில் ஆபீஸ் சாப்பாட்டு அறை டிவியில் தினமும் அதுதான் ஓடியது. ஒபாமாகேருக்கான அன்றைய மசோதாவில் 1233 என்று ஒரு பிரிவு. கடைசிக் காலத்தில் என்ன மாதிரி சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று நோயாளி விருப்பப்பட்டு டாக்டரிடம் பேசினால், அந்தப் பேச்சுக்கான கட்டணத்தை மெடிகேர் கொடுக்கும். அவ்வளவுதான். அதை பெட்ஸி மெக்காகி என்ற முன்னாள் நியூயார்க் துணை ஆளுநர், சீக்கிரம் சாவது எப்படி என்று முதியவர்களுக்குக் கட்டாய வகுப்பு எடுக்கப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார். ஆகஸ்ட் 7 அன்று அலாஸ்காவின் முன்னாள் ஆளுநர் சாரா பேலின் ஃபேஸ்புக்கில் அதற்கு 'டெத் பேனல்', அதாவது சாவுக் கமிட்டி, என்று பேர் வைத்தார். அந்த வருடத்தின் மிகப் பெரிய பொய் என்று பாலிட்டிஃபாக்ட் என்ற உண்மை சரிபார்க்கும் தளம் அதைத் தேர்ந்தெடுத்தது. பொய் என்று எல்லோரும் சொல்லியும், அந்தப் பிரிவையே மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டத்தில் இல்லாத கமிட்டி பதினான்கு வருடம் கழித்துக் கும்பகோணம் வரை நடந்தே வந்து சேர்ந்திருக்கிறது.

சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியா தம்பி" என்று கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். புதிதாகக் குடியேறியவர்களுக்கு 60 நாள் அவகாசம். விட்டால் நவம்பரில் திறக்கும் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் வர மூன்று வாரம் போனது. வந்த அட்டையில் அம்மாவின் பேரும் அப்பாவின் பேரும் முன்பின்னாக மாறியிருந்தன. இன்ஷியலோடு வளர்ந்த நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்துக்குப் படிவம் யாராவது ஒருவரைக் குடும்பமாக்க வேண்டியிருக்கிறது. நான் நிரப்பிய படிவத்தில் நானே செய்த தப்புதான். அதைத் திருத்த இன்னும் பத்து நாள்.

இதற்கிடையில் ஒரு ஏஜெண்டிடம் போனேன். தமிழர்தான். அம்மாவின் வருமானம் கேட்டார். பென்ஷன், ஊர் வீட்டு வாடகை எல்லாம் சேர்த்து வருடம் ஏழாயிரம் டாலர் சொச்சம் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். "இந்த வருஷத்துக் கணக்குக்கு தனி ஆளுக்கு 13,590 டாலராவது இருக்கணும் சார். அதுக்குக் கீழ இருந்தா சப்சிடி கிடையாது. விசிட்டர் பிளான் ஒண்ணு இருக்கு, நல்லா இருக்கும்" என்று பிரசுரத்தை எடுத்து நீட்டினார்.

அவர் சொன்னது பாதி சரி. குறைந்தபட்ச வருமானம் இல்லாதவர்களை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து எழுதிய சட்டம் அது. 2012-ல் உச்ச நீதிமன்றம், மெடிக்கெய்டை விரிவாக்குவதும் வேண்டாமென்று விடுவதும் மாநிலங்களின் இஷ்டம் என்று சொல்லிவிட்டது. டெக்சாஸ் விரிவாக்கவே இல்லை. அதனால் ஏழாயிரம் டாலர் வருமானமுள்ள ஒரு டெக்சாஸ்காரருக்கு அந்தச் சப்சிடி கிடைக்காது. ஆனால் சட்டப்படி குடியேறி, குடியேற்ற நிலையின் காரணமாகவே மெடிக்கெய்ட் கிடைக்காதவர்களுக்கு அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது: வருமானம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தாலும் சப்சிடி உண்டு. ஏஜெண்டுக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது. விசிட்டர் பிளான் விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது மட்டும் தெரியும்.

ஒபாமாகேருக்கான அரசுத் தளத்தில் அம்மா பேரில் கணக்குத் தொடங்கப் பார்த்தேன். ஆள் அடையாளத்தைக் கடன் வரலாற்றை வைத்துச் சரிபார்ப்பார்கள்: பழைய முகவரி எது, கார் லோன் எந்த வங்கியில் என்கிற மாதிரிக் கேள்விகள். வந்து ஒரு மாதமே ஆன அம்மாவிடம் கேட்க அவர்களிடம் கேள்வியே இல்லை. வாழ்நாளில் ஒரு ரூபாய் கடன் வாங்காததற்கு இப்படி ஒரு தண்டனை. கடைசியில் போனில் விண்ணப்பித்தோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் லைனில் சேர்த்துவிடுகிறார்கள். சேர்ந்தவர் இலங்கைத் தமிழர். "உங்கட பிறந்த திகதி என்ன, அம்மா?" என்று அவர் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம். நடுவில் வந்த முக்கியமான கேள்வி ஒன்றுதான்: குடியேற்ற நிலையால் மெடிக்கெய்ட் மறுக்கப்பட்டவரா? "ஆம்" என்று பதியச் சொன்னேன். இதைத் தவறவிட்டால் விதிவிலக்கு வேலை செய்யாது.

பிறகு ஆவணங்கள். முத்திரை போட்ட பாஸ்போர்ட் பக்கம், பென்ஷன் வரவாகும் பாஸ்புக், அதற்கு டாலர் கணக்கில் நான் எழுதிய ஒரு கடிதம். கையில் 90 நாள் இருந்தது, ஒரே வாரத்தில் ஏற்றிவிட்டேன். செப்டம்பர் கடைசியில் பிளான் கிடைத்தது, அக்டோபர் 1 முதல் அமல். மாதம் 1,100 டாலருக்கு மேல் விலை போட்ட சில்வர் பிளான். சப்சிடி கழித்து அம்மா கட்ட வேண்டியது பூஜ்யம். ஒரு கணக்கு டீச்சரால் அதை நம்ப முடியவில்லை. "எங்கேயோ தப்பு இருக்கு, மறுபடி பாரு" என்றார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சப்சிடி வாங்கியவர்கள் மறு வருடம் கட்டாயம் வரி தாக்கல் செய்ய வேண்டும். வருமானத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தால் அப்போது திருப்பிக் கட்ட நேரிடும்.

முதல் தடவை கிளினிக் போனபோது வரவேற்பில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். அலர்ஜி உண்டா, புகைப்பீர்களா என்று போய்க்கொண்டிருந்த கேள்விகளில் ஒன்று: பேச முடியாத நிலை வந்தால் என்ன சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறீர்களா? நான் தமிழில் சொன்னேன். அம்மா டேப்லெட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சித்தி சொன்னது இதானா?"

இதுதான். 2009-ல் மசோதாவிலிருந்து எடுத்த அதே பேச்சுக்கு 2016 முதல் மெடிகேர் காசு கொடுக்கிறது, ஒரு சத்தமும் இல்லாமல். இஷ்டமிருந்தால் எழுதலாம், இல்லையென்றால் 'இல்லை' என்று தட்டிவிடலாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்கப்பாவை ஐ.சி.யூ.ல பதினெட்டு நாள் வச்சிருந்தாங்களே, அப்ப யாராவது இதைக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு 'இல்லை'யைத் தட்டினார். படிவத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

அதற்குப் பிறகு நான் குரூப்பில் ஒரு நிபுணன் ஆகிவிட்டேன். பக்கத்துத் தெரு அமெரிக்கத் தாத்தாவிடம்கூட வாதாடினேன்; ஒபாமாகேர் நாசம், ஆனால் மகள் வைத்திருக்கும் அஃபோர்டபிள் கேர் பிளான் நல்ல பிளான் என்று சொன்னவர் அவர். இரண்டும் ஒன்றே என்று தெரியாதவர்கள் 2017-ல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் மூன்றில் ஒருவர் இருந்தார்கள், அதனால் அவரைக் குறை சொல்லவில்லை. பொய் ஒரு பக்கத்துச் சொத்தும் இல்லை. பிடித்த பிளானை வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். 2013-ல் லட்சக்கணக்கானவர்களுக்குப் பிளான் ரத்துக் கடிதம் போனது, அந்த வருடப் பாலிட்டிஃபாக்ட் பட்டம் அவருக்கு. இதையெல்லாம் குரூப்பில் அடுக்குவேன். யார் எதை ஃபார்வர்டு செய்தாலும் முதல் ஆளாக 'வதந்தி, பரப்பாதீர்கள்' என்று போடுவேன்.

2025 ஜூலையில் ஒரு மெசேஜ் வந்தது. சிவப்பு எழுத்து, 'அனைவருக்கும் பகிரவும்' எல்லாம் அப்படியே. கிரீன் கார்டு பெற்றோருக்கு ஒபாமாகேர் சப்சிடி கட். படித்து முடிக்கும் முன்பே 'வதந்தி' என்று போட்டேன். எட்டு லைக்.

அது வதந்தி இல்லை. ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டத்தில், அம்மா நுழைந்த அந்த விதிவிலக்கை 2026 ஜனவரியிலிருந்து எடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரிந்தது நவம்பரில், அடுத்த வருடப் பிளானைப் பார்க்க உட்கார்ந்தபோது. பூஜ்யம் இருந்த கட்டத்தில் முழு விலை நின்றது. அந்த நேரம் அரசாங்கமே 43 நாள் முடங்கிக் கிடந்தது, இதே சப்சிடிச் சண்டையில்தான். சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு ஜனநாயகக் கட்சியினர் இலவச வைத்தியம் கேட்கிறார்கள் என்று டிவியில் ஒரு பக்கம் ஓடியது. அப்படி வந்தவர்களுக்கு இந்தச் சப்சிடி என்றைக்குமே கிடையாது. அந்தக் கூச்சலில் சட்டப்படி வந்த என் அம்மாவின் கதையை யாரும் பேசவில்லை.

குரூப்பில் பழைய மெசேஜைத் தேடி எடுத்து, 'இது உண்மை. நான் போட்டதுதான் தப்பு. மன்னிக்கவும்' என்று எழுதினேன். இரண்டு பேர் உடனே போன் செய்தார்கள். அதில் ஒருவர் என் 'வதந்தி'யை நம்பி, ஊரிலிருந்து மாமனார் மாமியாருக்கு டிக்கெட் போட்டிருந்தார்.

கடைசியில் மாதம் 980 டாலருக்கு, சில்வருக்கு ஒரு படி கீழே இருக்கும் வெண்கல (Bronze) பிளான். நான்தான் கட்டுகிறேன். ஐந்து வருடம் முடிந்து மெடிகேர் பக்கம் போக 2028 ஆகஸ்ட் ஆகும். ரசீது வந்த அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் பின்பக்கத்தில் 980-ஐ எழுதி, கீழே அதுவரை இருக்கும் மாதங்கள் 31 என்று எழுதி, கோடு போட்டுப் பெருக்கினார். 30,380.

"ரூபாயில போடட்டுமா?"

"வேண்டாம்மா."

பேனாவை மூடிவைத்துவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார்.